கேஸ் பார்பிக்யூ வாங்குகிறீர்களா? சிலிண்டரையும் சேர்த்தே யோசியுங்கள்

பார்பிக்யூ அடுப்பை நாலு நாள் அலசிப் பார்த்து வாங்குகிறவர்கள்கூட, சிலிண்டரைக் கடைசி நிமிடத்தில் கைக்குக் கிடைத்ததாக எடுத்துவந்து மாட்டிவிடுகிறார்கள். பாதிச் சமையலில் தீ சுருங்குகிறது, கோழித் தொடை மேலே கருகி உள்ளே பச்சையாக நிற்கிறது, பழி அடுப்பின் தலையில் விழுகிறது. அடுப்பு, ரெகுலேட்டர், சிலிண்டர் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தினால்தான் சமையல் ஒழுங்காக நடக்கும்.

மொத்த கிலோவாட்டை மட்டும் பார்ப்பது

அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் கிலோவாட் எண், அதாவது அடுப்பின் வெப்பத் திறன், பெரும்பாலும் பக்கவாட்டு பர்னரையும் சேர்த்துக் கூட்டியது. அதைக் கழித்துவிட்டு, மீதியைக் கிரில் பரப்பால் வகுத்துப் பாருங்கள். 60-க்கு 45 சென்டிமீட்டர் பரப்பில் 12 கிலோவாட் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 4.4 வாட், இறைச்சி நன்றாகச் சிவக்கும். அதே 12 கிலோவாட் 80-க்கு 50 பரப்பில் பரவினால் 3 வாட்தான். எண் பி.டி.யு.வில் (வெப்பத்தை அளக்கும் இன்னொரு அலகு) இருந்தால் 3,412-ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். இதோடு மூடியையும் தூக்கிப் பாருங்கள். தகரம் போல நெளிகிற மூடி வெப்பத்தைத் தாங்கி நிற்காது.

ஒரே பர்னர் உள்ளதை வாங்காதீர்கள். பெரிய துண்டை மெதுவாக வேகவைக்க, தீ ஒரு பக்கமும் இறைச்சி மறுபக்கமும் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தது இரண்டு பர்னர் தேவை. மூன்று இருந்தால் ஓரத்து இரண்டையும் எரியவிட்டு நடுவில் வைக்கலாம்.

தூக்க எளிது என்று சின்ன சிலிண்டர் வாங்குவது

அதிகம் பேர் சறுக்குகிற இடம் இதுதான். சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது கொதித்து ஆவியானால்தான் பர்னருக்கு வாயு போகும். கொதிக்கத் தேவையான வெப்பத்தைத் திரவம் தன்னிடமிருந்தும் சிலிண்டரின் இரும்புச் சுவரிலிருந்தும், அதன் வழியே வெளிக்காற்றிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. எனவே எரிய எரிய சிலிண்டர் குளிர்கிறது. குளிரக் குளிர அழுத்தம் இறங்குகிறது.

கணக்கு எளிது. ஒரு கிலோ எல்.பி.ஜி. எரிந்தால் சுமார் 13 முதல் 14 கிலோவாட் மணி வெப்பம் வரும். அப்படியானால் 12 கிலோவாட் அடுப்பு முழு வேகத்தில் மணிக்கு 900 கிராம் அளவுக்குக் குடிக்கும். 5 கிலோ சிலிண்டர் ஐந்தரை மணி நேரம் வர வேண்டும். ஆனால் அவ்வளவு வேகமாக ஆவியாக அதன் சின்ன உடம்பால் முடியாது. முக்கால் மணி நேரம் கழித்துத் தொட்டுப் பாருங்கள்: திரவம் நிற்கும் உயரம் வரை சில்லென்று இருக்கும், வியர்த்து நீர் வழியும். காற்று ஈரமாகவும் குளிராகவும் இருந்தால் வெள்ளையாக உறைபனியே கட்டும். பாதி காலியான சிலிண்டரில் திரவம் தொடும் சுவர்ப்பரப்பும் குறைவு, குளிர்வதற்கு எதிர்நிற்கும் திரவமும் குறைவு. அதனால் ‘இன்னும் பாதி இருக்கிறதே, ஏன் எரியவில்லை’ என்ற குழப்பம் வருகிறது. மூன்று, நான்கு பர்னர் அடுப்புக்கு 10 கிலோவும் அதற்கு மேலும் கொண்ட சிலிண்டரே நிம்மதி. உறைந்த சிலிண்டரைத் தீயால் சூடாக்குவதும் கொதிநீர் ஊற்றுவதும் உயிருக்கே ஆபத்து. பர்னரைக் குறையுங்கள், அல்லது அணைத்துவிட்டுக் காத்திருங்கள்.

சிலிண்டரில் எந்த வாயு என்பதும் முக்கியம். எல்.பி.ஜி. என்பது பியூட்டேனாக, புரோப்பேனாக அல்லது இரண்டின் கலவையாக இருக்கும். பியூட்டேன் கொதிப்பது பூஜ்ஜியம் டிகிரிக்குச் சற்றுக் கீழே. புரோப்பேன் கொதிப்பது மைனஸ் 42-இல். குளிர்ந்த மாலையில் பியூட்டேன் சிலிண்டர் நிறைந்திருந்தும் வாயு தராமல் அடம்பிடிக்கும். இரண்டும் கலந்ததில் புரோப்பேன் முந்தி ஆவியாகும், பியூட்டேன் அடியில் தங்கும். குளிர் காலத்தில் கடைசிக் கால் பங்கு மந்தமாக எரிவது இதனால்தான்.

‘மாட்டிக்கொண்டால் சரி’ என்று ரெகுலேட்டர் எடுப்பது

மாட்டிக்கொள்வதாலேயே அது பொருத்தமானது ஆகிவிடாது. அடுப்பின் தகவல் தகட்டில் வாயுவின் வகையும் அதற்குத் தேவையான அழுத்தமும் (மில்லிபாரில்) இருக்கும். 28, 30, 37, 50 என்று நாட்டுக்கும் வாயுவுக்கும் ஏற்ப மாறும். ரெகுலேட்டரில் பொறித்த எண் அதோடு ஒத்துப்போக வேண்டும். பெரிய வணிக அடுப்புக்கான உயர் அழுத்த ரெகுலேட்டரை இதில் பொருத்தவே கூடாது. குழாய் வழி இயற்கை வாயுவுக்கான அடுப்பை எல்.பி.ஜி.யில் மாட்டுவதும் அப்படியே: அதன் ஜெட்டின் (பர்னருக்குள் வாயுவைப் பீய்ச்சும் சிறு முனை) துளை பெரிது, எல்.பி.ஜி.யோ கன அளவுக்குக் கன அளவு இரண்டரை மடங்கு வெப்பம் கொண்டது. தீ மஞ்சளாக எழும்பிப் புகைக் கரி அப்பும்.

மாட்டும்போதும் பற்றவைக்கும்போதும்

ஒவ்வொரு முறை சிலிண்டர் மாற்றும்போதும் ரப்பர் வாஷரைப் பாருங்கள், டியூபை மடக்கி வெடிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். பிறகு பர்னர் குமிழ்கள் மூடியிருக்க, சிலிண்டர் வால்வைத் திறந்து இணைப்புகளில் சோப்பு நீர் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சியை வைத்துச் சோதிக்காதீர்கள்.

வால்வைச் சடாரென்று திறந்தால், சில ரெகுலேட்டர்களில் உள்ள பாதுகாப்பு அடைப்பு ‘கசிவு’ என்று நினைத்து வாயுவை இறுக்கிவிடும். தீ எவ்வளவு திருகினாலும் பெரிதாகாது. எல்லாவற்றையும் மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி மாட்டி, வால்வை மெல்லத் திறந்தால் சரியாகிவிடும்.

மூடியைத் திறந்து வைத்துத்தான் பற்றவைக்க வேண்டும். பற்றாவிட்டால் குமிழை மூடி 5 நிமிடம் விடுங்கள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும். ஆகவே சிலிண்டரைத் தரைமட்டத்துக்குக் கீழே உள்ள அறையிலோ சாக்கடை வாய் அருகிலோ வைக்கக் கூடாது, எப்போதும் நிமிர்த்தியே நிறுத்த வேண்டும். படுக்க வைத்தால் திரவமே ரெகுலேட்டருக்குள் போகும். அடுப்பையும் வீட்டுக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ கொண்டு போகாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது.

எவ்வளவு மிச்சம் என்று அறிய சிலிண்டரைக் குலுக்கிப் பார்ப்பதில் பயனில்லை. எடை போட்டு, அதில் பொறித்திருக்கும் காலி எடையைக் கழியுங்கள். 2 கிலோவுக்குக் கீழே போனால், நாலு பேரைச் சாப்பிடக் கூப்பிட்ட நாளில் இன்னொரு சிலிண்டர் கைவசம் இருக்கட்டும்.