புதிதாகச் சைக்கிள் ரேஸ் ஓட வரும் தம்பிமாருக்கு: கச்சான் காற்றும் வேறு சில தொல்லைகளும்

ஹெல்மெட் போடுங்கள், தண்ணீர் குடியுங்கள், ரேஸுக்கு முதல்நாள் இரவு கண் விழிக்காதீர்கள் என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை, அது எல்லாருக்கும் தெரியும். சித்திரைப் புத்தாண்டுப் போட்டிகள் முடிந்த கையோடு மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தடியில் விடியப்புறம் புதுமுகங்கள் சேரத் தொடங்கும். காலில் பலம் இருக்கும், சைக்கிளும் பரவாயில்லை, ஆனால் நாங்கள் ஒரு காலத்தில் ஆடிய அதே கூத்தை அச்சுப் பிசகாமல் ஆடுவார்கள். சொன்னால் "ஓம் அண்ணன்" என்று தலையாட்டுவார்கள், அடுத்த கிழமை மறுகாவும் அதுதான். சரி, எழுதியாவது வைப்போம்.

53-க்கு 11

முன்பக்கப் பற்சில்லில் 53 பல், பின்பக்கப் பற்சில்லில் 11 பல். கியர் சைக்கிள் கைக்கு வந்த புதிதில் எல்லாப் பொடியன்களுக்கும் இந்த இரண்டு எண்களில்தான் காதல். கணக்கைப் பாருங்கள். அந்தக் கியரில் பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் சைக்கிள் ஏறக்குறைய 10 மீற்றர் போகும். மணிக்கு 30 கிலோமீற்றர் என்பது நிமிடத்துக்கு 500 மீற்றர், ஆக உங்கள் கால் நிமிடத்துக்கு 50 தடவைதான் சுற்றுகிறது, ஒவ்வொரு மிதியின் பாரமும் முழங்காலில்தான் இறங்குகிறது. 39-க்கு 14 போட்டால் அதே வேகத்துக்குக் கால் 85 தடவை சுற்றும். மூச்சு கொஞ்சம் கூட வாங்கும், முழங்கால் பிழைக்கும்.

பெல்ஜிய சைக்கிள் வீரர் எடி மேர்க்ஸ் 1972-இல் மெக்சிகோ நகரத்தில் ஒரு மணித்தியாலத்தில் 49.431 கிலோமீற்றர் ஓடிச் சாதனை வைத்தபோது போட்டிருந்த கியர் 52-க்கு 14. அந்த மனுசனுக்கே 14 போதுமாக இருந்தது, ஆரையம்பதியில் மணிக்கு 28 கிலோமீற்றரில் முக்கிக்கொண்டு போகிறவனுக்கு 11 எதற்கு என்று கேட்டேன். "அண்ணன், அவரு ஓடுன இடத்துல கச்சான் இல்லயே" என்றான் ஒருவன், ஆனி, ஆடியில் எங்கள் ஊரில் அடிக்கும் மேற்குக் காற்றைச் சொல்கிறான். கால் 50-இல் சுற்றினாலும் வாய் மட்டும் 120-இல் சுற்றும் இவனுகளுக்கு.

ரேஸ் அன்றைக்குப் புதுச் சாமான்

வேண்டாம். சப்பாத்து, சீட், ஜெல், எதுவுமே.

கச்சான் அடிக்கும்போது நேர் பின்னால் நிற்பது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும் விஷயம் இதுதான், அதனால் நீளும்.

மட்டக்களப்பில் மலை இல்லை, அங்கே ஓடுவது லேசு என்று வெளியூர்க்காரர்கள் நினைத்தால் மன்னிக்கலாம். இங்கே பிறந்து வளர்ந்தவனும் அப்படி நினைத்தால் என்ன செய்ய? ஆனி, ஆடியில் கச்சான் எழும்பிவிட்டால் இந்தத் தட்டையான வீதியில் ஒதுங்க இடமில்லை. காற்றைத் தள்ளத் தேவையான வலு வேகத்தின் மும்மடிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்றபடி கூடும். காற்றே இல்லாத நாளில்கூட 30-இலிருந்து 33-க்குப் போக, அதாவது வெறும் 10 வீதம் வேகம் கூட்ட, காற்றுக்கு மட்டும் 33 வீதம் மேலதிக வலு கொடுக்க வேண்டும். முன்னால் போகிறவரை ஒட்டிப் பின்னால் போனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சம். இதை எல்லோரும் எங்கேயோ வாசித்துவிட்டுத்தான் வருகிறார்கள். அந்தக் கணக்கு காற்று நேரே முகத்தில் அடிக்கும்போதுதான் சரி என்பதைத்தான் யாரும் யோசிப்பதில்லை.

கல்லடியிலிருந்து கல்முனைக்குப் போகும் வீதியை எடுத்துக்கொள்ளுங்கள். தெற்கும் கொஞ்சம் கிழக்குமாக இறங்கும் வீதி. இடப்பக்கம் கடல், வலப்பக்கம் வாவி. கச்சான் வருவது மேற்கும் தென்மேற்குமாக, வாவிப் பக்கத்திலிருந்து, வலது தோளில். அப்போது முன்னால் போகிறவரின் மறைப்பு அவருக்கு நேர் பின்னால் விழாது, பின்னுக்கு இடப்பக்கமாக விழும். நீங்கள் ஒழுங்கான பிள்ளையாக அவருடைய பின்சில்லையே பார்த்துக்கொண்டு நேர் பின்னால் போனால் அவர் வாங்குகிற காற்றில் பெரும்பங்கை நீங்களும் வாங்குகிறீர்கள், மறைவில் ஓடுகிறோம் என்ற நினைப்பு மட்டும்தான் மிச்சம்.

காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி போன்ற ஊர்களுக்குள் மதிலும் கடையும் வீடுமாக இருப்பதால் இது தெரியாது. ஓந்தாச்சிமடம் கடந்து பாலத்தில் ஏறினால் இரண்டு பக்கமும் தண்ணீர், சைக்கிளைக் காற்று ஒரு முழம் பக்கவாட்டில் தள்ளும். அங்கேதான் கூட்டம் பிரியும்.

ஓர் ஆடி மாதப் போட்டியில் நடந்ததைச் சொல்கிறேன். எங்களோடு ஓடும் ஒரு தம்பி, நல்ல பலசாலி, தனியாக மல்லுக்கட்டினால் என்னால் அவனைப் பிடிக்க முடியாது. களுவாஞ்சிக்குடியில் சனம் கைதட்டுகிறது என்று முன்னுக்குப் போய் எல்லோரையும் இழுத்தான். பாலம் நெருங்கும்போது மூன்று பேர் அவனுக்கு வலப்பக்கமாக ஏறி வந்தார்கள், மூவரும் நாற்பதைத் தாண்டியவர்கள், ஒருவருக்கு நல்ல தொந்தியும் உண்டு. முதலாவது ஆள் வீதியின் நடுப்பக்கம், இரண்டாவது ஆள் கொஞ்சம் பின்னுக்கு இடப்பக்கம், மூன்றாவது ஆள் தார் முடிகிற ஓரம், இப்படிச் சரிவாக நின்றுகொண்டார்கள். நாலாவது ஆளுக்குத் தாரில் இடமில்லை. தம்பி மூன்றாவது ஆளின் சில்லுக்கு நேர் பின்னால் மாட்டிக்கொண்டு தலையைக் குனிந்து மிதித்தான். கோட்டைக்கல்லாறு வரும்போது ஒரு சைக்கிள் நீளம் பிந்தியிருந்தான். பெரியகல்லாற்றில் அவர்களைக் கண்ணுக்கே தெரியவில்லை.

முடிந்த பிறகு, "இண்டைக்குக் கால் வேல செய்யல்ல அண்ணன்" என்றான். கால் நன்றாகத்தான் வேலை செய்தது மனே, நீ நின்ற இடம்தான் பிழை! இதை மணலில் கோடு கீறிக் காட்டினேன். தலையாட்டினான். அடுத்த கிழமை என்ன செய்கிறான் என்றால், காபன் சில்லு விலை விசாரிக்கிறான். அதுவும் 50 மில்லிமீற்றர் விளிம்பு, பக்கக் காற்றைத் தோணிப் பாய்போல் பிடிக்கிற சாதி. மாதச் சம்பளத்தை விழுங்கும் அந்தச் சாமானை மாட்டிக்கொண்டு அதே பாலத்தில் அதே நேர் பின்னால் நின்றால் இன்னும் சீக்கிரம் பிந்தலாம்.

சரி, என்ன செய்வது? காற்றுக்கு மறைப்பில்லாத வெளியான இடம் வரப்போகிறது என்று தெரிந்தால், அதற்கு முன்னரே முதல் நாலைந்து பேருக்குள் போய்விடுங்கள். இடம் கிடைக்கவில்லை என்றால் வால்பிடித்துத் தொங்காதீர்கள். பின்னால் வருகிறவர்களைக் கூப்பிட்டு நீங்களே இன்னொரு சரிவு வரிசை போடுங்கள், நாலு பேர் சேர்ந்தால் முன்வரிசையை எட்டிப் பிடிக்க முடியும். தனியாக நின்றால் அந்தக் கதை அதோடு முடிந்தது. முன்னால் இழுத்தது போதும் என்றால் காற்று வரும் பக்கமாக ஒதுங்கிப் பின்னுக்கு வர வேண்டும், மறுபக்கம் ஒதுங்கினால் பின்னால் மறைந்து வருகிறவரின் சில்லில் போய் விழுவீர்கள்.

சில்லோடு சில்லு பக்கம்பக்கமாக வரும்போது முட்டினால் விழுவது முன்னால் போகிறவர் இல்லை, பின்னால் வருகிறவர்தான், ஏனென்றால் பறிபோவது அவருடைய ஹாண்டில். ஆகவே இந்தச் சரிவு வரிசையை விட்டால் வேறு எங்கேயும் உங்கள் முன்சில்லை மற்றவரின் பின்சில்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டாம். இன்னொன்று, வலப்பக்கக் காற்றுக்கு நீங்கள் வலப்பக்கம் சாய்ந்துதான் ஓடுவீர்கள். ஒரு பஸ் முந்தும்போது காற்று சட்டென்று நின்றுவிடும், சாய்ந்த உடம்பு பஸ் பக்கம் போகும், பஸ் கடந்ததும் காற்று திரும்ப வந்து ஓரத்துக்கு அடிக்கும். பஸ் சத்தம் கேட்டதும் ஹாண்டிலை இறுக்காமல் முழங்கையைத் தளர்த்திக்கொள்ளுங்கள்.

கல்முனையில் திரும்பி வரும்போது எல்லாம் தலைகீழ். காற்று இடப்பக்கம், மறைப்பு விழுவது வலப்பக்கப் பின்னால், அதாவது வீதியின் நடுவை நோக்கி. வீதி மூடிய ரேஸில் சரி. லொறியும் முச்சக்கரவண்டியும் ஓடும் பயிற்சி நாளில் சரிவு வரிசை போட்டால் கடைசி ஆள் எதிரே வரும் வாகனத்துக்குத்தான். அன்றைக்கு இரண்டு பேருக்கு மேல் சரிய வேண்டாம், வேகம் குறைந்தால் குறையட்டும்.

வேஸ்ட் ஒயில்

மோட்டார் சைக்கிள் கராஜில் சும்மா கிடைக்கிறது என்று பழைய எஞ்சின் ஒயிலைச் செயினில் ஊற்றிவிட்டு வருகிறார்கள். அதில் ஏற்கெனவே இரும்புத் துகள் இருக்கிறது, கடற்கரை வீதி மணலும் ஒட்டிக்கொண்டால் செயினை அரம் கொண்டு அராவுகிற வேலைதான். ஓடி முடிந்ததும் காய்ந்த துணியால் துடையுங்கள், மெல்லிய ஒயில் கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, மேலே நிற்பதைத் திரும்பத் துடையுங்கள். உப்புக்காற்றில் ஒரு கிழமை விட்டாலே செந்நிறம் தெரியும்.

தேய்மானம் பார்க்கப் பாடசாலை அடிமட்டம் போதும். புதுச் செயினில் 24 கண்ணி, ஆணியிலிருந்து ஆணி வரை, சரியாக 12 அங்குலம். அது பதினாறில் ஒரு அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு அங்குலம் கூடும்வரை இழுத்தடித்தால் பின்பக்கப் பற்சில்லுகளும் போயிருக்கும், அந்த விலையைக் கடையில் கேட்டுவிட்டு வந்து என்னிடம் பேசுங்கள்.

ரயரைக் கல்லாக்குவது

ரயரின் பக்கத்தில் அச்சடித்திருக்கும் அழுத்தம் உச்ச எல்லை, அவ்வளவும் அடிக்கச் சொல்லவில்லை. 25 மில்லிமீற்றர் ரயர், ஆள் 60, 65 கிலோ என்றால் 80, 90 பி.எஸ்.ஐ. போதும். 120 அடித்தால் சைக்கிள் துள்ளுகிறது, துள்ளுவதை வேகம் என்று நினைக்கிறீர்கள்.

பஸ்ஸுக்குப் பின்னால் 50-இல் போனேன் என்று சொல்வது

அப்படிச் சொல்கிறவனுக்குப் பக்கத்தில் நான் ஓட மாட்டேன்.

மகா ஓயா வீதிக்கு இருட்டோடு போவது

காற்றுக்கு எதிராக நேரே ஓடிப் பழக செங்கலடியிலிருந்து மேற்கே மகா ஓயாப் பக்கம் போகும் பதுளை வீதியைவிட நல்ல இடம் இங்கே இல்லை. போகும்போது முகத்தில் கச்சான், வரும்போது முதுகில். திரும்பி வந்த பாதியை மட்டும் ஓட்டத்தைப் பதியும் ஸ்ட்ராவா செயலியில் போட்டு மணிக்கு 38 என்று காட்டுகிற வேலையைச் சிரித்துவிட்டு விடலாம். ஆனால் காற்று எழும்ப முன்னர் போய்விடலாம் என்று இருட்டோடு கிளம்புவதைச் சிரித்துவிட முடியாது, புல்லுமலைப் பக்கம் அந்த நேரத்தில் வீதியில் யானை நிற்கும், தலையில் கட்டிய லைற் வெளிச்சத்துக்கு அது கிட்ட வந்த பிறகுதான் தெரியும். நன்றாக விடிந்த பிறகு கறுப்புப் பாலத்தைக் கடவுங்கள், வரும் காற்றை வாங்குங்கள், அதற்குத்தானே அங்கே போகிறோம். இரண்டு பேராவது சேர்ந்து போங்கள், ஆளுக்கு இரண்டு ரியூப் மேலதிகமாக வைத்துக்கொள்ளுங்கள், பம்பை மற்றவன் கொண்டுவருவான் என்று இருவருமே நினைத்துக்கொண்டு வர வேண்டாம்.