சேவைத் தொழிலில் புதுமை: எங்கே தவறுகிறோம்?

புதுமை என்றதும் புதிய கருவியையும் மென்பொருளையும் மட்டுமே நினைப்பதுதான் கோலாலம்பூரில் நம் சேவைத் தொழில்கள் பலவற்றில் காணப்படும் முதல் தவறு. உணவகமானாலும் முடிதிருத்தும் நிலையமானாலும் டியூஷன் நிலையமானாலும், வாடிக்கையாளர் வாசலில் நுழைவது முதல் பணம் கட்டிப் புறப்படுவது வரை வேலை நடக்கும் ஒழுங்கே அங்கே மாற வேண்டியது.

பிரிக்ஃபீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாடு பரிமாறும் ஓர் உணவகத்தை நினைத்துப் பாருங்கள். மேசைதோறும் கியூஆர் குறியீடு ஒட்டியிருக்கும். ஆனாலும் பணியாளர் ஆர்டரைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கல்லாவில் கொடுக்க, அங்கிருப்பவர் அதைக் கணினியில் பதிந்த பிறகே சமையலறைக்குச் செய்தி போகும். பழைய முறையை நீக்காமல் புதியதைச் சேர்த்ததால் வேலை இரட்டிப்பாகிறது. மதிய நெரிசலில் எங்கே தேங்குகிறது என்பதை இலை போடுபவரும் பாத்திரம் கழுவுபவரும் முதலாளியைவிடத் தெளிவாக அறிவார்கள். அவர்களைக் கேட்காமல் விற்பனையாளரின் பேச்சை மட்டும் நம்பிக் கையெழுத்திடுவதை நான் பெரிய தவறாகவே கருதுகிறேன்.

பயிற்சி நிதி தொழிற்சாலைகளுக்கே உரியது என்று ஒதுங்குவதும் தவறு. 10 அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்கள் உள்ள முதலாளிகள், தொழிலாளர் பயிற்சி நிதியை நிர்வகிக்கும் அரசு அமைப்பான எச்ஆர்டி கோர்ப்புக்குச் சம்பளத்தில் 1 விழுக்காட்டை லெவியாக, அதாவது கட்டாயக் கட்டணமாக, செலுத்துகின்றனர். 5 முதல் 9 பேர் உள்ளவர்கள் விரும்பினால் 0.5 விழுக்காட்டில் சேரலாம். செலுத்திய லெவியைப் பயிற்சிக்குப் பயன்படுத்தாமல் விடுவது வீண் இழப்பு.

அரசுத் தரப்பிலும் திருத்த வேண்டியது உண்டு. புதுமையை அளப்பதற்காக, பல நாடுகள் சேர்ந்த பொருளாதார அமைப்பான ஓஇசிடி வெளியிட்ட ஓஸ்லோ கையேடு, 1992இல் உற்பத்தித் துறையை மையமாக வைத்தே தொடங்கியது. 1997இல் சேவைத் துறையும், 2005இல் நிர்வாக முறை மாற்றங்களும் அதில் இடம்பெற்றன. மானியத் திட்டங்களோ பொதுவாக வாங்கிய பொருளின் இன்வாய்ஸையே எதிர்பார்க்கின்றன. சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மின்னிலக்க மானியம் செலவில் பாதியை, 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை, ஏற்கும் வகையில் அறிவிக்கப்பட்டது. அது பயனுள்ள உதவிதான். ஆயினும் காத்திருக்கும் நேரம் குறைந்ததா, தவறிப்போகும் ஆர்டர்கள் குறைந்தனவா என்று சில மாதங்கள் கழித்துக் கேட்கும் ஏற்பாடும் வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, மென்பொருளை வாங்குவதற்கு முன்பே ஒரு வார மதிய நேரக் காத்திருப்பு, தவறிய ஆர்டர்கள் ஆகியவற்றின் கணக்கை உணவகத்தார் குறித்து வைத்திருக்க வேண்டும்.