ஆர்எக்ஸ் 100: பெட்ரோல் காக் மாற்றுவது எப்படி?

யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் வந்தது 1985இல், நின்றது 1996இல். கடைசியாக வந்த வண்டிக்கே ஏறக்குறைய முப்பது வயது. அந்த வயதில், டேங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் குழாயான காக்கின் உள்ளே இருக்கும் ரப்பர் இறுகி, பெட்ரோல் கசிவது சாதாரணம். அதற்காக அப்படியே விட்டுவிடாதீர்கள். காக் சரியாக மூடாமல், கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அடைக்கும் ஃப்ளோட் ஊசியும் தேய்ந்திருந்தால், நிறுத்திய வண்டியில் பெட்ரோல் இன்ஜினின் அடியில் உள்ள கிராங்க்கேஸ் வரை இறங்கிவிடும். காலையில் எவ்வளவு உதைத்தாலும் ஸ்பார்க் பிளக் நனைந்துதான் வரும்.

முதலில், எங்கே ஒழுகுகிறது?

காக் முழுவதையும் துணியால் துடைத்து, ஒரு டிஷ்யூ பேப்பரை ஒவ்வோர் இடமாக ஒற்றிப் பாருங்கள். டேங்கோடு சேரும் இடத்தில் ஈரம் என்றால் ஓ-ரிங் எனும் ரப்பர் வளையம் போய்விட்டது. லீவரைச் சுற்றி என்றால் அதன் பின்னால் உள்ள நான்கு துளை ரப்பர் வாஷர். அடிக் கப்பில் என்றால் கப்பின் ரப்பர். அடுத்து, கார்புரேட்டர் பக்கம் டியூபைக் கழற்றிச் சின்ன டப்பாவில் விட்டு, லீவரை ஆஃபில் வைத்துப் பத்து நிமிடம் பாருங்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் காக் மூடவில்லை. பழைய காக்கின் உடல் நன்றாக இருந்தால் ரப்பர்களை மட்டும் மாற்றினாலே போதும். லீவர் உட்காரும் முகத்தில் கீறல் விழுந்திருந்தால் முழுசாக மாற்றுவதுதான் சரி.

வாங்கும்போது

பழைய காக்கின் இரண்டு போல்ட் துளைகளுக்கு நடுவே உள்ள தூரத்தை, மையத்துக்கு மையம் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் போல்ட் சாய்ந்து ஏறி, டேங்கின் மரை கெடும். மரை போன டேங்க் பெரிய செலவு. டியூபும் கிளிப்பும் புதிதாகவே வாங்குங்கள். டியூபின் உள்ளளவுக்குப் பழைய துண்டைக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டுவதே நிச்சயம். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய வகை ரப்பர் தாங்காது. விட்டான் ரப்பரில் ஓ-ரிங் கிடைத்தால் அதையே கேளுங்கள்.

மாட்டுமுன் புதிய காக்கை வாயால் ஊதிச் சோதிக்கலாம். பெட்ரோல் பட்ட பழையதை ஊதவே கூடாது. ஆனில் உயரமான குழாய் வழியாகக் காற்று வர வேண்டும், ரிசர்வில் அடித்துளை வழியாக, ஆஃபில் எதிலும் வரக் கூடாது. மலிவான நகல்களில் லீவரின் குறி ஒன்றும் உள்வழி வேறொன்றுமாக இருப்பதுண்டு.

கழற்றுவது

இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். திறந்த வெளியில் வேலை செய்யுங்கள். பக்கத்தில் அடுப்பு, பீடி, சாமி விளக்கு எதுவும் எரியக் கூடாது. ஒரு வாளி உலர்ந்த மணல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீதான் பரவும்.

லீவரை ரிசர்வில் வைத்து, டியூப் வழியாகப் பெட்ரோலை, மூடி போடக்கூடிய கேனில் வடியுங்கள். வடிவது நின்றாலும் டேங்க் காலியாகிவிடவில்லை. ஃப்ரேமின் மேல் குதிரைச் சேணம்போல் உட்காரும் டேங்கில், காக் இல்லாத பக்கத்தில் கொஞ்சம் தங்கியிருக்கும். அதனால் சீட்டை எடுத்து, டேங்கின் பின்பக்கப் பிடிப்பை விடுவித்து, டேங்கைப் பின்னால் இழுத்துத் தூக்குங்கள். காக் பக்கம் சாய்த்து மீதியையும் வடித்துவிட்டு, பழைய போர்வையின் மேல் படுக்க வையுங்கள். இனி இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். அவற்றின் வாஷர்களைத் தொலைக்காதீர்கள், நீளமான வேறு போல்ட்டும் போடாதீர்கள்.

வெளியே வந்த வடிகட்டி வலையில் செம்மண் நிறத்தில் தூள் இருந்தால் அது டேங்கின் துரு. அதைச் சுத்தம் செய்யாமல் புதிய காக் மாட்டினால் அதுவும் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும்.

மாட்டுவது

பெட்ரோலை நிறுத்துவது இறுக்கம் அல்ல, தட்டையான இரண்டு முகங்களுக்கு நடுவே நசுங்கும் ஓ-ரிங்தான். காக்கின் முகத்தை ஒரு கண்ணாடியின் மேல் வைத்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் முகம் வளைந்திருக்கிறது. கண்ணாடியில் 400 நம்பர் வாட்டர் பேப்பரை ஒட்டி, எட்டுப் போடுவதுபோல் தேய்த்துச் சமமாக்கி, தூள் போகக் கழுவி உலர்த்துங்கள். டேங்கில் அது உட்காரும் இடத்தையும் துணியால் துடையுங்கள்.

சிலிக்கான் பேஸ்ட் தடவவே வேண்டாம். பெட்ரோலில் அது ஊறி, பிய்ந்து, கார்புரேட்டரின் மெல்லிய துளையான பைலட் ஜெட்டை அடைக்கும். ஓ-ரிங்கில் ஒரு துளி இன்ஜின் ஆயில் போதும். இரண்டு போல்ட்டையும் முதலில் கையாலேயே ஏற்றுங்கள். பிறகு மாற்றி மாற்றி இறுக்குங்கள். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் 7 நியூட்டன் மீட்டரைத் தாண்ட வேண்டாம்.

சோதனை

டேங்கை மாட்டி ஒரு லிட்டர் மட்டும் ஊற்றுங்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடி டிஷ்யூ பேப்பர் சோதனை. ஈரம் இல்லையென்றால், டியூபை ஓர் அளவு ஜாடியில் விட்டு, ரிசர்வில் திறந்து ஒரு நிமிடம் பிடியுங்கள். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் லிட்டருக்கு 25 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டிக்கு நிமிடத்துக்கு 60 மில்லிலிட்டர் தேவை. அதைப்போல் இரண்டு மடங்காவது வர வேண்டும். நன்றாக வந்து போகப்போகக் குறைந்தால், குற்றம் பெரும்பாலும் காக்கில் இல்லை. டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கும்.

டியூபை மடிப்பில்லாமல், இன்ஜின் ஃபின்களில் படாமல் கொண்டுபோய் இரண்டு முனையிலும் கிளிப் போடுங்கள். ஒரு வாரம் ஓட்டியபின் லீவரை ஆஃபில் வைத்து அடிக் கப்பைக் கழற்றிப் பாருங்கள். செந்தூள் திரும்பவும் சேர்ந்திருந்தால், அடுத்த வேலை டேங்கைக் கழுவுவது.