கடலோரப் பாதுகாப்புக்கான நிதி: கணக்குப் பார்ப்பதில் நாம் செய்யும் தவறுகள்

2008 நவம்பர் 26 இரவு, மும்பை கொலாபா மீனவர் குடியிருப்பை ஒட்டிய கரையில் ரப்பர் படகிலிருந்து ஆயுதங்களோடு பத்துப் பேர் இறங்கினார்கள். நடுக்கடலில் ‘குபேர்’ என்ற இந்திய மீன்பிடிப் படகைக் கைப்பற்றி, அதிலேயே மும்பையை நெருங்கியவர்கள் அவர்கள். அடுத்த மூன்று நாட்களில் 166 பேர் உயிரிழந்தார்கள்.

கடல் வழியாக ஆபத்து வரும் என்று யாரும் யோசிக்கவில்லை என்று பலர் இன்றும் நினைக்கிறார்கள். அது உண்மையில்லை. மத்திய அரசின் கடலோரப் பாதுகாப்புத் திட்டத்துக்கு 2005ஆம் ஆண்டிலேயே ஒப்புதல் கிடைத்துவிட்டது. 73 கடலோரக் காவல் நிலையங்கள், 204 ரோந்துப் படகுகள் என்று எல்லாம் திட்டத்தில் இருந்தன. அந்தப் படகுகள் வந்துசேரத் தொடங்கியதோ 2009இல், தாக்குதல் முடிந்த பிறகு.

நாட்டின் பாதுகாப்பைக் கவனிக்கும் அமைப்புகளுக்கான நிதியைப் பற்றி நாம் பேசும் விதத்தில் சில தவறுகள் ஊறிப்போயிருக்கின்றன. அவற்றில் முதலாவது, அறிவிப்பையே பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்வது. பட்ஜெட் நாளில் இத்தனை கோடி ஒதுக்கீடு என்று தலைப்புச் செய்தி வரும். அது மதிப்பீடு மட்டுமே. ஆண்டின் பிற்பகுதியில் அது திருத்திய மதிப்பீடாக மாறும். உண்மையில் செலவான தொகை அதற்கும் பிறகுதான் தெரியும். டெண்டர், ஒப்பந்தம், கட்டுமானம், ஒப்படைப்பு என்று ஒவ்வொரு கட்டத்திலும் மாதங்கள் கழிகின்றன. ஒதுக்கீடு கூடியதா குறைந்ததா என்று சண்டை போடும் நாம், போன ஆண்டு ஒதுக்கியது என்ன ஆயிற்று என்று கேட்பதே இல்லை.

‘இத்தனை நாளாக ஒன்றும் நடக்கவில்லையே, எதற்கு இவ்வளவு செலவு?’ என்ற கேள்வியும் அடிக்கடி வருகிறது. பள்ளிக்கூடத்துக்கும் மருத்துவமனைக்கும் பணம் போதாத நாட்டில் அது நியாயமான கேள்விதான். ஆனால் அமைதியான ஆண்டுகளை வைத்து ஆபத்தை அளந்தால் கணக்கு தப்பும். 1993 மார்ச் 12 அன்று பம்பாயில் 257 பேரைக் கொன்ற தொடர் குண்டுவெடிப்புகளுக்கான வெடிபொருள் மகாராஷ்டிரத்தின் ராய்கட் கரையில்தான் இறக்கப்பட்டது. அதன்பின் மகாராஷ்டிரம், குஜராத் கடற்பகுதியில் ‘ஆபரேஷன் ஸ்வான்’ என்ற கூட்டு ரோந்து தொடங்கியது. அதற்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, அதே கடல் வழியாக அதே நகரத்துக்குள் பத்துப் பேரால் வர முடிந்தது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, வாங்குவதற்குப் பணம் தந்துவிட்டு ஓட்டுவதற்குத் தர மறப்பது. புதிய படகு வந்தால் அமைச்சர் கொடியசைப்பார், படம் எடுப்பார்கள். அந்தப் படகுக்கு மாதாமாதம் டீசல் வேண்டும். உப்புக் காற்றில் என்ஜின் சீக்கிரம் கெடும், உதிரிப்பாகம் வேண்டும். ஓட்டத் தெரிந்தவர் வேண்டும், என்ஜினைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர் வேண்டும். தரையில் பணியாற்றப் பழகிய காவலரைக் கடலுக்கு அனுப்பினால் முதல் அலையிலேயே வாந்தி எடுப்பார்; அது அவர் குற்றமில்லை, பயிற்சி தராதவர்களின் குற்றம்.

2005 திட்டத்தில் படகுகளை மத்திய அரசு தந்தது. எரிபொருள், பழுதுபார்ப்பு, பயிற்சி ஆகியவற்றுக்கும் ஐந்து ஆண்டுகளுக்கு உதவி உண்டு. ஆட்களை மாநிலங்கள் தர வேண்டும். ஐந்து ஆண்டுகள் முடிந்ததும் ஓட்டும் செலவு மாநிலத்தின் தலையில் விழும். காலிப் பணியிடங்களை நிரப்பவே திணறும் மாநிலங்கள், படகின் எரிபொருளில்தான் முதலில் கை வைக்கும். பழுதாகியும் எரிபொருள் இல்லாமலும் ரோந்துப் படகுகள் கரையில் கிடப்பதைத் தணிக்கை அறிக்கைகள் பல மாநிலங்களில் பதிவு செய்திருக்கின்றன. கரையில் கட்டிக்கிடக்கும் படகால் கிடைப்பது காவல் இருக்கிறது என்ற பொய்யான நிம்மதி மட்டும்தான். அதைவிடப் படகே இல்லாதது மேல் என்பேன். அப்போது குறையாவது கண்ணுக்குத் தெரியும்.

தரையிலும் கதை இதுதான். மும்பை தாக்குதலை ஆராய்ந்த ராம் பிரதான் குழு, காவலர்களின் துப்பாக்கிப் பயிற்சிக்கே தோட்டா போதாமல் இருந்ததைச் சுட்டிக்காட்டியது. பயங்கரவாதத் தாக்குதல்களை முறியடிக்கும் தேசியப் பாதுகாப்புப் படை (என்எஸ்ஜி) அப்போது ஹரியானாவின் மானேசரில் மட்டும் இருந்தது. விமானம் ஏற்பாடாகி, மும்பை வந்திறங்கி, விடிந்த பிறகே அவர்களால் களத்தில் இறங்க முடிந்தது. மும்பை, சென்னை, கொல்கத்தா, ஹைதராபாத் நகரங்களில் அந்தப் படையின் மையங்கள் 2009இல் வந்தன. அந்த இரவில், தாக்க வந்த பத்துப் பேரில் ஒருவனான கசாபை உயிரோடு பிடிக்க வழிசெய்த துணை உதவி ஆய்வாளர் துக்காராம் ஓம்ப்ளே, கையில் லத்தியோடு அவனது துப்பாக்கிக் குழலைப் பற்றிக்கொண்டு உயிரைவிட்டார். அவர் வீரத்தைப் போற்றும்போதே, அவர் கையில் ஏன் லத்தி மட்டும் இருந்தது என்று கேட்க வேண்டாமா?

பாதுகாப்பு என்றால் முப்படை மட்டுமே என்று எண்ணுவதும் நம்மிடம் இருக்கும் குறை. கரையோரம் உண்மையில் பல கைகளில் இருக்கிறது. கடலோரக் காவல்படை மத்தியப் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருகிறது. கரையை ஒட்டிய கடலில் ரோந்து போகும் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் தமிழ்நாடு காவல்துறையின் பிரிவு. படகுகளைப் பதிவு செய்வது மீன்வளத்துறை, சரக்கைச் சோதிப்பது சுங்கத்துறை. இதில் ஒரு கண்ணிக்குப் பணம் நின்றாலும் மற்றவை பலவீனமாகும்.

அமெரிக்காவில் 2018 டிசம்பர் 22 முதல் 35 நாட்கள் நிதி ஒப்புதல் கிடைக்காமல் அரசு முடங்கியபோது இது அப்பட்டமாகத் தெரிந்தது. பாதுகாப்புத் துறைக்கான நிதி முன்பே நிறைவேறியிருந்ததால் ராணுவத்தினருக்குச் சம்பளம் வந்தது. கடலோரக் காவல்படை அங்கே உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ் இருக்கிறது. அந்தத் துறைக்கு நிதி இல்லாததால், 2019 ஜனவரி 15 அன்று கிடைத்திருக்க வேண்டிய சம்பளம் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களுக்குக் கிடைக்கவில்லை. விமான நிலையச் சோதனை ஊழியர்களும் சம்பளமின்றி வேலை பார்த்தார்கள். நாளாக ஆக விடுப்பு எடுப்போர் கூடினார்கள், வரிசை நீண்டது. ஆண்டு முழுமைக்கும் கணக்குப் பார்த்தால் தொகை சரியாக வந்துவிடும். ஆனால் வாடகையும் பள்ளிக் கட்டணமும் மாதாமாதம்தானே வருகின்றன.

இன்னொரு பக்கம், செலவைப் பற்றிக் கேள்வி கேட்டாலே தேசவிரோதி என்று வாயை அடைப்பது. கேள்வி கேட்காத இடத்தில்தான் தரமில்லாத கவச உடை வாங்கப்படும், காலாவதியான கருவி கிடங்கில் தூங்கும். இந்தியாவின் உளவு அமைப்புகள் நாடாளுமன்றத்தின் நேரடி மேற்பார்வைக்குள் இன்றும் வரவில்லை. ரகசியம் காக்க வேண்டிய செயல்பாடுகள் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். படகுக்கு டீசல் போட்டார்களா என்பது அந்தப் பட்டியலில் சேராது.

மீனவர்களை மறந்துவிடுகிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். அன்று கொலாபாவில் பத்துப் பேர் இறங்கியதைப் பார்த்துச் சந்தேகப்பட்டவர்கள் மீனவர்களே. படகு எது, எங்கே இருக்கிறது என்று தானாக அறிவிக்கும் தானியங்கி அடையாளக் கருவி, இருபது மீட்டருக்குக் குறைவான படகுகளில் கட்டாயமில்லை. அதனால் அந்நியப் படகை அடையாளம் காண அவர்கள் கண்ணைவிட நம்பகமான வழி நம்மிடம் இல்லை. கடலோரக் காவல்துறையின் 1093, கடலோரக் காவல்படையின் 1554 ஆகிய உதவி எண்களுக்கு அவர்கள் அழைத்தால் எடுக்க ஆள் வேண்டும், புறப்படப் படகு வேண்டும். கருவி வாங்கும் தொகையில் சிறு பங்கை இதற்கு ஒதுக்கினாலே போதும்.

தமிழ்நாட்டின் கடற்கரை, மாநில அரசின் கணக்குப்படி, 1,076 கிலோமீட்டர். இரண்டு கட்டங்களாக 42 கடலோரக் காவல் நிலையங்கள் நமக்குக் கிடைத்தன. சட்டமன்றத்தில் காவல்துறைக்கு நிதி கேட்கும் மானியக் கோரிக்கை வரும்போது கொள்கை விளக்கக் குறிப்பும் வெளியாகும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். புதிதாக என்ன வாங்கப் போகிறார்கள் என்ற பக்கத்தைத் தாண்டுங்கள். இருக்கும் படகுகளில் எத்தனை ஓடுகின்றன, கடந்த ஆண்டு எத்தனை மணி நேரம் கடலில் இருந்தன, எரிபொருளுக்கு எவ்வளவு போனது, எத்தனை பணியிடங்கள் காலி என்று உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். குறிப்பில் பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். அதற்கான கட்டணம் பத்து ரூபாய்.