கம்பஸ் விண்ணப்பம்: திருமலைப் பிள்ளைகள் தெரிவுகளை அடுக்கும் முறை

உயர்தரப் பெறுபேறு வந்த அன்றே வீட்டில் ஏ, பி, சி எண்ணத் தொடங்கிவிடுவார்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பார்ப்பது இசட் புள்ளியை. ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்து, மூன்று பாடங்களுக்கும் வருவதைச் சராசரியாக்கினால் கிடைப்பது அது. ஒரே பெறுபேறு வைத்திருக்கும் இரண்டு பேருக்கு இசட் வேறுபடுவது இதனால்தான். மூன்று பாடமும் ஒரே தடவையில் சித்தியடைந்திருக்க வேண்டும். உயர்தரத்தோடு சேர்த்து எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளி இல்லாவிட்டால் இசட் எவ்வளவு உயர்ந்திருந்தும் பலனில்லை.

பெரும்பாலான கற்கைநெறிகளில் 100 இடம் என்றால் 40 அகில இலங்கைத் திறமைக்கு, 55 மாவட்டங்களுக்கு, மிச்சம் 5 கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் திருகோணமலையும் உண்டு. எனவே கொழும்பிலிருக்கும் மாமா மகளின் வெட்டுப்புள்ளியோடு உங்கள் இசட்டை ஒப்பிட்டு அழ வேண்டாம். ஆணைக்குழு வெளியிடும் அட்டவணையில் திருகோணமலை நிரலை மட்டும், கடைசி மூன்று வருடத்துக்கு எடுத்து எழுதுங்கள். என்.கியூ.சி. என்று இருந்தால் அந்த வருடம் நம் மாவட்டத்தில் அதற்குத் தகுதியானவர் இருக்கவில்லை என்று பொருள். வெட்டுப்புள்ளி முன்கூட்டியே போட்ட கோடு அல்ல, கடைசியாக உள்ளே போனவரின் இசட். ஆகவே வருடா வருடம் ஏறி இறங்கும். முழுவதும் அகில இலங்கைத் திறமையில் நிரப்பும் நெறிகளும் சில இருக்கின்றன. அவற்றில் மாவட்டம் உதவாது.

உங்கள் மாவட்டத்தைத் தீர்மானிப்பது பரீட்சை எழுதிய மண்டபம் அல்ல, நீங்கள் படித்த பாடசாலையும் காலமும். உயர்தரத்துக்கென்று கண்டிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ மாறியவர்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பக் கைநூலில் அந்தப் பகுதியை வரி வரியாக வாசிக்க வேண்டும்.

இனி யூனிகோட். (கணினி எழுத்துக்குச் சொல்லும் யூனிகோட் அல்ல.) ஒரு கற்கைநெறியும் ஒரு பல்கலைக்கழகமும் சேர்ந்தது ஒரு கோட். விண்ணப்பத்தில் இந்தக் கோட்களை அடுக்கித்தான் தெரிவைச் சொல்கிறீர்கள். அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். "எனக்கு இதுதான் கிடைக்கும்" என்று கிடைக்கக்கூடியதை முதலில் போட்டு, விரும்பியதைக் கீழே தள்ளுகிறார்கள். கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து பார்த்து, உங்கள் இசட்டுக்கு எட்டும் முதலாவது இடத்தைத் தருகிறது. எட்டாததை மேலே போட்டதற்காக கீழே உள்ள வாய்ப்பு ஒரு துளியும் குறையாது. விருப்ப வரிசையில் போடுங்கள், இசட் வரிசையில் அல்ல. கீழ்ப்பகுதியில் மட்டும், கடந்த வருட வெட்டுப்புள்ளி உங்களுக்கு நன்றாகக் கீழே இருக்கும் சில கோட்களைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போகவே மாட்டேன் என்று தெரிந்த இடத்தை நிரப்புவதற்காக எழுதாதீர்கள். ஒருமுறை பதிவு செய்துவிட்டால் அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிக்கும் தகுதி போய்விடும். தெரிவாகியும் குறித்த திகதிக்குள் பதியாமல் விட்டால் இடமும் போய்விடும். ஆகவே விண்ணப்பத்தில் கொமியூனிகேஷன் கடைக்காரரின் தொலைபேசி இலக்கத்தையும் மின்னஞ்சலையும் போடாமல், உங்கள் சொந்தத்தைப் போடுங்கள். கட்டடக்கலை, வடிவமைப்பு, சங்கீதம், நடனம் போன்றவற்றுக்குக் கோட் எழுதினால் மட்டும் போதாது. அந்தந்தப் பல்கலைக்கழகம் தனியாக நடத்தும் உளச்சார்புப் பரீட்சைக்கும் விண்ணப்பித்துச் சித்தியடைய வேண்டும்.

அமெரிக்காவில் அரச பல்கலைக்கழகங்களிலேயே வெளிமாநிலப் பிள்ளைக்குக் கட்டணம் பெரும்பாலும் அதிகம். இங்கே அரச பல்கலைக்கழகத்தில் எந்த மாவட்டத்துப் பிள்ளைக்கும் முதல் பட்டத்துக்குக் கல்விக் கட்டணம் இல்லை. வெளியூர்ப் பிள்ளை கட்டுவது போர்டிங்கிலும் சாப்பாட்டிலும் பஸ்ஸிலும். விடுதி பெரும்பாலும் முதல் வருடத்துக்கும் கடைசி வருடத்துக்கும்தான் முன்னுரிமையோடு கிடைக்கும். இடையிலுள்ள வருடங்களுக்குத்தான் கணக்குப் போட வேண்டும்: மாத வாடகை, முற்பணம், மூன்று வேளைச் சாப்பாடு, தவணைக்கு இரண்டு மூன்று தடவை ஊருக்கு வந்து போகும் செலவு. கொழும்புக்கு இரவு ரயில் இருக்கிறது. பேராதனைக்கு பஸ்ஸை நம்புவதே நல்லது.

கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் பிரயோக விஞ்ஞானம், தொடர்பாடல் மற்றும் வணிகம், சித்த மருத்துவம் இருக்கின்றன. நகரத்துப் பிள்ளைக்கு வாடகைச் செலவே இல்லை. மூதூர், சம்பூர்ப் பக்கத்துப் பிள்ளை தினமும் வந்து போக முடியுமா என்பதை ஒரு வாரம் பஸ்ஸில் போய்ப் பார்த்தபின் முடிவெடுக்கலாம். செலவு மிச்சம் என்பதற்காக விரும்பாத நெறியை முதலாவதாகப் போடுவது மோசமான கணக்கு. நான்கு வருடத்தை அதில் இழக்க வேண்டிவரும். விருப்பம் சமமாக இருக்கும் இரண்டு கோட்களுக்கு இடையில் மட்டும் செலவு தீர்மானிக்கட்டும்.

மஹாபொல புலமைப்பரிசில் 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆகவும், பர்சரி உதவித்தொகை 4,000 இலிருந்து 6,500 ஆகவும் கூட்டப்பட்டன. அந்த 7,500 என்றால் நாளுக்கு 250 ரூபா. அது சாப்பாட்டுக்கே பற்றாது. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். குடும்ப வருமானம் கணக்கில் எடுக்கப்படுவதால் கிராம உத்தியோகத்தரின் சான்றையும் பிரதேச செயலாளரின் உறுதிப்படுத்தலையும் கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பெறுபேறு மூன்றிலும் பெயரின் எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள். முதல் வருடக் கொடுப்பனவு கைக்கு வரப் பல மாதம் பிந்துவது வழக்கம். நான்கைந்து மாதச் செலவுக்கான காசை வேறாக எடுத்து வைத்துவிட்டுப் பிள்ளையை பஸ் ஏற்றுங்கள்.