பிரித்தானியப் பிரபு குடும்பமொன்றின் வரலாற்றைத் தேடிப் படிப்பது எப்படி?

யாழ்ப்பாணத்தில் வரலாறு படித்த எவருக்கும், பிரித்தானியர் காலத்தில் இலங்கையின் அரசியலமைப்பை ஆராய வந்த ஆணைக்குழுக்களின் பெயர்களான டொனமூர், சோல்பரி என்பன பழக்கமானவை. ஆனால் அவை குடும்பப் பெயர்கள் அல்ல, பட்டங்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆகவே முதலில் பட்டத்தையும் குடும்பப் பெயரையும் குறிப்பேட்டில் தனித்தனியே எழுதிக்கொள்ளுங்கள். டொனமூர் ஆணைக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஹீலி-ஹட்சின்சன் குடும்பத்தைச் சேர்ந்த ஆறாவது ஏர்ல். அந்த ஆணைக்குழுவின் வழிவந்த 1931ஆம் ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலையே யாழ்ப்பாணம் பகிஷ்கரித்தது. சோல்பரிப் பிரபுவின் குடும்பப் பெயர் ராம்ஸ்பொத்தம்.

அடுத்து, பட்டத்தின் தரத்தையும் அதனை வகித்தவர் எத்தனையாமவர் என்பதையும் குறியுங்கள். டியூக், மார்க்குவிஸ், ஏர்ல், வைகவுண்ட், பாரன் என்பதே மேலிருந்து கீழான வரிசை. 1941இல் பாரனாகிய சோல்பரி 1954இல் வைகவுண்ட் ஆனதுபோல, ஒருவரே வாழ்நாளில் உயர்வதும் உண்டு.

எண்ணைக் கவனியாவிட்டால் தந்தையும் மகனும் ஒருவராகிவிடுவர். 1798 முதல் 1805 வரை இலங்கையின் தேசாதிபதியாக இருந்தவர் பிரெடெரிக் நோர்த்; அமெரிக்கக் குடியேற்றங்கள் கைநழுவிய காலத்தில், 1770 முதல் 1782 வரை, பிரித்தானியப் பிரதமராக இருந்த அவருடைய தந்தையின் பெயரும் பிரெடெரிக் நோர்த்தே. தந்தையை எல்லோரும் ‘நோர்த் பிரபு’ என்றே அழைத்தபோதிலும், கில்ஃபோர்ட் ஏர்ல் என்னும் உரிமைப் பட்டம் 1790 வரை அவருடைய தகப்பனாரிடம் இருந்தமையால், அவர் பிரதமராக அமர்ந்தது பிரபுக்கள் சபையில் அன்று, மக்கள் சபையிலேயே. மூத்த மகன் மரியாதைக்காக ஏற்கும் பட்டம் வேறு, சபையில் இடம் தரும் பட்டம் வேறு என்பதை இந்த ஓர் எடுத்துக்காட்டிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம்.

பிறப்பு வரிசையைக் கட்டாயம் பாருங்கள். என் கணிப்பில் முழுத் தேடலிலும் அதிகம் விளக்குவது இதுதான். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமாகிய தேசவழமையின்படி முதுசம் (பரம்பரைச் சொத்து) பிள்ளைகளிடையே பங்கிடப்படுவதைக் கண்டு வளர்ந்த நமக்கு, பட்டமும் பெரும்பாலும் நிலமும் தலைமகனுக்கே போய்ச்சேரும் அவர்களுடைய வழக்கம் அந்நியமானது. அவ்வழக்கமே இளைய மக்களைப் படைக்கும் திருச்சபைக்கும் குடியேற்ற நாட்டுப் பதவிகளுக்கும் அனுப்பிற்று. தேசாதிபதி நோர்த்தும் மூன்றாவது மகனே. தமையன்மார் இருவரும் ஆண்வாரிசின்றி இறந்த பின்னரே, 1817இல், ஐந்தாவது ஏர்ல் ஆனார்.

பிறகு, அக்குடும்பம் எந்தக் காலத்தில் அதிகாரம் செலுத்தியது என்று பாருங்கள். பிரபுக்கள் சபை சட்டமூலங்களை நிரந்தரமாகத் தடுக்கும் வலிமையை 1911ஆம் ஆண்டுச் சட்டம் பெருமளவில் குறைத்தது. 1999ஆம் ஆண்டுச் சட்டம் பரம்பரைப் பிரபுக்களில் 92 பேரை மட்டும் சபையில் விட்டுவைத்தது. பட்டமளிப்பு, நியமனம் ஆகியவற்றின் திகதிகளை 1665 முதல் வெளிவரும் பிரித்தானிய அரசின் அதிகாரபூர்வ இதழாகிய இலண்டன் கசெற்றில் ஒப்பிடலாம்.

பயிற்சிக்கு ராம்ஸ்பொத்தம் குடும்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலாம் வைகவுண்ட் இலங்கையின் மகாதேசாதிபதி. மூத்த மகன் ஜேம்ஸ், கொழும்புத்துறை யோகர் சுவாமிகளின் சீடராகிச் சந்தசுவாமி என அழைக்கப்பட்டார். 1971இல் தந்தை இறந்ததும், துறவியாகிய அவரே இரண்டாம் வைகவுண்ட். 2004இல் அவர் மறைந்தபோது அந்தப் பட்டம், வாஷிங்டனில் தூதுவராக இருந்த தம்பி பீட்டரைச் சேர்ந்தது.