பிடித்த பைப் புகையிலை நின்றுபோனால் செய்யக்கூடாத தவறுகள்

என் மாமனார் பெங்களூர் மர்ஃபி டவுனில் இருக்கிறார். எச்.ஏ.எல்.லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாயங்காலம் காபி குடித்த பிறகு பால்கனியில் ஒரு பைப், அவ்வளவுதான் அவருடைய பழக்கம். 2018-ல் ஒருநாள் போன் செய்து, “மாப்ளே, டன்ஹில் இனிமே வராதாம்” என்றார். அவர் வழக்கமாகப் பிடிக்கும் பைப் புகையிலையின் பெயர் அது. வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று சொல்வது போல இருந்தது குரல். அடுத்த இரண்டு மாதத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து செய்யக்கூடாததையெல்லாம் செய்தோம். அப்புறம் அல்சூர், காக்ஸ் டவுன் பக்கம் பைப் பிடிக்கும் வேறு சிலரும் அதே தவறுகளைச் செய்து, பணத்தையும் நல்ல இலையையும் இழந்ததைப் பார்த்தேன். இனி யாருக்கும் அப்படி ஆக வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

ஏன் நின்றது என்று விசாரிக்காமல் “சட்டம் போட்டுட்டாங்க” என்று முடிவு கட்டுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் இதிலிருந்துதான் கிளம்புகின்றன. சட்டம் ஒரு காரணம்தான். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2016 ஆகஸ்ட் 8 முதல் பைப் புகையிலையையும் தன் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தது. 2007 பிப்ரவரி 15-ல் சந்தையில் இருந்த கலவைகளுக்கு (பல வகை இலை சேர்த்த பைப் புகையிலைக்கு) தொந்தரவில்லை. அதற்குப் பிறகு வந்தவை அனுமதி பெற வேண்டும். பழைய கலவையிலும் இலையை மாற்றினால் அது புதிய சரக்காகக் கருதப்படலாம் என்ற பயம் சின்னத் தயாரிப்பாளர்களுக்கு வந்தது. ஆனால் அதே 2018-ல் மூடிய கான்சாஸ் சிட்டியின் மெக்லெலண்ட் நிறுவனம் சொன்ன காரணம் வேறு. தங்களுக்கு வேண்டிய தரத்தில் சிவப்பு வர்ஜீனியா என்ற புகையிலை வகை கிடைக்கவில்லை என்றார்கள். டன்ஹில் கதை அதுவும் இல்லை. அந்தப் பெயரில் பைப் புகையிலை விற்பது நின்றது, கலவை சாகவில்லை. எர்லி மார்னிங் பைப், நைட்கேப், 965 என்ற டன்ஹில் கலவைகள் எல்லாம் கொஞ்ச நாளில் பீட்டர்சன் என்ற பெயரில் திரும்பி வந்தன. நாங்கள் மூன்று மடங்கு விலை கொடுத்துப் பழைய டப்பாக்களைத் தேடிக்கொண்டிருந்தபோது, அதே புகையிலை வேறு லேபிளில் விற்பனைக்கு வந்துகொண்டிருந்தது.

நம் ஊரில் கிடைக்காமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் காசுக் கணக்கு. 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது பைப்புக்கான புகையிலைக் கலவைக்கு 28 சதவீத வரி, அதற்கு மேல் 290 சதவீத இழப்பீட்டு செஸ் என்ற கூடுதல் வரியும் இருந்தது. கூடவே 2016 ஏப்ரல் முதல் டப்பாவில் 85 சதவீத இடத்துக்குப் படத்தோடு எச்சரிக்கை இருக்க வேண்டும், இறக்குமதிச் சரக்கானாலும் சரி. வருடத்துக்கு நாலைந்து அட்டைப்பெட்டி விற்கிற ஒரு கலவைக்காக இவ்வளவும் செய்ய எந்த இறக்குமதியாளருக்கும் கட்டுப்படியாகாது. கர்நாடகத்தில் 2025-ல் அமலுக்கு வந்த புகையிலைத் திருத்தச் சட்டத்தைச் சொல்லிப் பலர் பயப்படுகிறார்கள். அது வாங்கும் வயதை 21 ஆக்கியது, பொது இடத்தில் புகைத்தால் அபராதத்தை 1000 ரூபாயாக உயர்த்தியது, ஹுக்கா பார்களை மூடியது. எந்தப் பைப் கலவையையும் அது தடை செய்யவில்லை.

இரண்டாவது, பயத்தில் வாங்கிக் குவிப்பது. உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டாலே பாதிப் பயம் போய்விடும். ஒரு தடவை பைப் நிரப்ப இரண்டு, மூன்று கிராம் போகும். வாரத்துக்கு நாலு தடவை என்றால் வருடத்துக்குச் சுமார் அரைக் கிலோ, அதாவது 50 கிராம் டப்பா பத்து. என் மாமனார் அறுபது டப்பா வேண்டும் என்று நின்றார். அவருக்கு அப்போது வயது 74.

மூன்றாவது, வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளைச் சிக்கலில் மாட்டிவிடுவது. பயணி வரியில்லாமல் கொண்டுவரக்கூடிய புகையிலை 125 கிராம். 50 கிராம் டப்பா என்றால் இரண்டுதான். “ஒரு டஜன் எடுத்துட்டு வாடா” என்று சொன்னால், தேவனஹள்ளி விமான நிலையத்தில் சிவப்பு வழியில் போய் வரி கட்டப்போவது அந்தப் பையன். தபாலில் ‘பரிசு’ என்று எழுதி அனுப்பினாலும் வரி உண்டு. அதேபோல, எச்சரிக்கைப் படம் இல்லாத ‘ஃபாரின் டப்பா’ கடையில் தொங்கினால் அது சட்டப்படி விற்கக்கூடாத சரக்கு. எப்போது வந்தது, எங்கே கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. நாங்கள் அப்படி ஒருவரிடம் ஏழு டப்பா வாங்கினோம். இரண்டில் அடித்தகரம் துருவேறி, காற்றுப் புகுந்து, உள்ளே இலை சருகாகியிருந்தது.

அடுத்தது சேமிப்பு. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான், ஏனென்றால் கைக்கு வந்த நல்ல இலை வீட்டுக்குள்ளேயே கெட்டுப்போகிறது. பைப் புகையிலைக்கு வேண்டியது காற்று புகாத கண்ணாடி பாட்டில், இருட்டு, சீரான வெப்பம். பெங்களூர் அலமாரியின் கீழ்த்தட்டு போதும், ஃபிரிட்ஜ் வேண்டாம். சுருட்டு வைக்கிற மரப்பெட்டியில் வைக்காதீர்கள். அந்தத் தேவதாரு வாசனை இலையில் ஏறும், ஈரத்தையும் மரம் உறிஞ்சிவிடும். பிளாஸ்டிக் கவர் சில மாதத்தில் காயவிடும். நம் வீடுகளுக்கே உரிய தவறு ஒன்று உண்டு: காலியான ஊறுகாய் பாட்டிலை எடுப்பது. எத்தனை தடவை கழுவினாலும் மூடியின் ரப்பரில் பெருங்காயமும் நல்லெண்ணெயும் தங்கிவிடும். நான் 100 கிராம் வர்ஜீனியாவை அப்படி ஒரு பாட்டிலில் போட்டு வைத்து, மூன்று மாதம் கழித்துத் திறந்தபோது ஆவக்காய் வாசனை அடித்தது. அத்தனையையும் கொட்ட வேண்டியதாயிற்று. புது பாட்டில் வாங்குங்கள், வெந்நீரில் கழுவி வெயிலில் காயவையுங்கள், மேலே பெயரையும் தேதியையும் எழுதி ஒட்டுங்கள். பெரிய பாட்டில் ஒன்றைவிடச் சின்ன பாட்டில் நாலு நல்லது. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் காற்று உள்ளே போகும் அல்லவா?

காய்ந்த இலைக்கு உயிர் கொடுக்கிறேன் என்று ஆப்பிள் துண்டு, உருளைக்கிழங்குத் துண்டு போடுவார்கள். பூஞ்சைக்கு அதைவிட நல்ல விருந்து கிடையாது. இலையை ஒரு கிண்ணத்தில் பரப்பி, ஈரத்துணியை இலையில் படாமல் மேலே மூடி, சில மணி நேரம் விட்டால் போதும். மழைக்காலத்தில் அதுவும் வேண்டாம். வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் உடனே கொட்டிவிடவும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு பற்றவைக்கவும் வேண்டாம். வெளிச்சத்தில் சர்க்கரை போல மின்னினால் அது வருடக்கணக்கில் வைத்துப் பழகிய வர்ஜீனியாவில் வரும் படிகம். பஞ்சு மாதிரி நூல் நூலாக இருந்து, நனைந்த சாக்கு வாசனை அடித்தால் அது பூஞ்சை, பாட்டிலோடு தூக்கிப் போடுங்கள்.

எல்லா இலையும் வருடக்கணக்கில் வைத்தால் மெருகேறும் என்று நினைப்பதும் தவறு. சர்க்கரை அதிகமுள்ள வர்ஜீனியா நன்றாகப் பழகும். புகையில் வாட்டிய லடாக்கியா இலையின் மணம் வருடங்கள் போகப் போக மங்கும். வெனிலா, செர்ரி வாசனை ஏற்றிய கலவைகள் வைத்து வைத்து ஒன்றும் பெரிதாக மாறுவதில்லை.

மாற்றுக் கலவை தேடும்போதுதான் பெரும்பாலானோர் வழி தவறுகிறார்கள். டப்பாவின் படத்தையும் பெயரையும் பார்த்து வாங்குகிறார்கள். உள்ளே என்ன இலை என்று பார்க்க வேண்டும். உங்களுக்குப் பிடித்தது புகைமணமா? அப்படியானால் அது சைப்ரஸிலிருந்து வரும் லடாக்கியா, விறகுப் புகையில் வாட்டிய இலை. மிளகு போன்ற காரமும் உலர்பழப் புளிப்புமா? அது அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துச் செயின்ட் ஜேம்ஸ் பகுதியில் பீப்பாயில் அழுத்திப் புளிக்க வைக்கிற பெரிக். வைக்கோல் இனிப்பு என்றால் வர்ஜீனியா, கொட்டை ருசி என்றால் பர்லி. இதைத் தெரிந்துகொண்டவருக்கு ஒரு பெயர் போனால் நாலு பெயர் கிடைக்கும். புதுக் கலவையைப் பழைய பைப்பில் போட்டுப் பார்த்து “நல்லாயில்லை” என்று தீர்ப்புச் சொல்லவும் கூடாது. அதில் பழைய லடாக்கியாவின் மணம் ஊறிப்போயிருக்கும்.

அப்புறம் சிலர் திண்டுக்கல் சுருட்டைப் பிரித்துப் பைப்பில் நிரப்புகிறார்கள். நம் ஊர் இலை என்ற பாசம் எனக்கும் புரிகிறது. ஆனால் சுருட்டு இலை வேறு விதமாகப் பதப்படுத்தியது. பைப்பில் நாக்கைக் கடிக்கும், தலை சுற்ற வைக்கும். ஹுன்சூர், பிரியாபட்டணா பக்கம் விளைவது வர்ஜீனியாதான். இருந்தாலும் சந்தையில் கிடைக்கும் அந்த மூல இலை, வெட்டி அழுத்திப் பழக்கிய பைப் கலவை ஆகிவிடாது.

கடைசியாக ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிடித்த கலவை கிடைக்கவில்லை என்று சிகரெட்டுக்கு மாறாதீர்கள். பைப்பில் புகையை வாயோடு வைத்துக்கொள்கிறவர்களும் சிகரெட்டில் நெஞ்சுக்குள் இழுக்கப் பழகிவிடுவார்கள். இ-சிகரெட்டை வாங்கவும் வழியில்லை, 2019 முதல் நாடு முழுக்கத் தடை. இதனால் பைப் பாதுகாப்பானது என்று சொல்ல வரவில்லை. வாய், தொண்டை, நுரையீரல் புற்றுநோய் பைப் பிடிப்பவர்களுக்கும் வருகிறது. கலவை நின்ற அந்த வாரத்திலேயே பழக்கத்தையும் நிறுத்திவிடலாமா என்று யோசிப்பவர்கள், 1800-11-2356 என்ற தேசிய உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம். கட்டணம் கிடையாது. நம் ஊர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையிலிருந்தும் இந்தச் சேவையை நடத்துகிறார்கள், தமிழிலும் பேசலாம்.

மாமனார் இப்போது வாரத்துக்கு இரண்டு தடவைதான் பிடிக்கிறார். பீட்டர்சன் லேபிள் ஒட்டிய 965, சின்ன பாட்டில்கள் மூன்று, ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்தில் தேதி. பழைய டன்ஹில் தகர டப்பாவில் பட்டன்களைப் போட்டு வைத்திருக்கிறார் மாமியார்.